மேக் இன்ஸ்டாலுங்க

"அம்மணி, ஸ்டாப்புன்னு சொல்லிப்போட்டுது. நானும் நிறுத்திப்போட்டேன்."

பெருந்துறையிலிருந்து மாமனார் போனில் இப்படிச் சொன்னபோது நான் சரவணம்பட்டியில், எங்கள் வீட்டுச் சமையலறையில், ஆறிப்போன தோசையை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"எது மாமா ஸ்டாப்புன்னு சொல்லுச்சுங்க?"

"கம்ப்யூட்டருதான். நோ ரூல்னு ஏதோ போட்டு, கடைசில ஸ்டாப்புன்னு போட்டிருக்குது. ரூல் இல்லாத வேலைய நாம எதுக்கு அம்மணி பண்ணோணும்? கைய எடுத்துட்டேன்."

சட்டத்தை மதிக்கிற மனிதர். ஒரு வண்டிகூட இல்லாத சிக்னலில் பச்சை விழும்வரை நின்று, பின்னால் வருகிறவனிடம் திட்டு வாங்குகிறவர். சாதாரண நாளாக இருந்தால் இதை நினைத்து நான் பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் அன்று மத்தியானம் அவருடைய தறிக்கூடத்துக்குக் குன்னூரிலிருந்து ஒருவர் வருகிறார். அவர் வருவதற்குள் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கட்டில் தெரிந்தாக வேண்டும்.

கட்டில் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைப் போன வாரம்வரை எட்டிப் பார்க்காதவர்களும் தாராளமாக உட்காரலாம்.

சும்மா இருப்பவள்

நான் பல வருடம் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவள். கிராஃபிக்ஸ் பிரிவு. பெண் பார்க்க வந்த அன்று மாமா காப்பியை ஆற்றிக்கொண்டே, "கம்ப்யூட்டர்ல என்னுங்க பண்றீங்க?" என்று கேட்டார். கிராஃபிக்ஸ் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சாமி படத்துல பாம்பு வந்து படமெடுக்குமே, அதுங்களா?"

என் அம்மா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். "அந்த மாதிரிதானுங்க" என்று சொல்லிவிட்டேன். அதன் பலன் கல்யாண மண்டபத்தில் தெரிந்தது. மொய் வைக்க வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் மேடையில் என்னிடம் பாம்பைப் பற்றித்தான் விசாரித்தார்கள். ஒரு பெரியவர் அடுத்த படத்தில் யானை வைக்கச் சொன்னார்.

பிற்பாடு அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தேன். முன்பு பார்த்ததைவிட அதிக வேலை. ஆனால் காலையில் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகாததால் குடும்பத்தில் என் பதவி பறிபோய்விட்டது. மருமகள் என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "சும்மா ஊட்டுலதான் இருக்கறா."

சும்மா இருப்பவளுக்கு வருகிற வேலைக்கு அளவே இல்லை. எதிர் வீட்டுக்காரர்களின் பார்சலை வாங்கி வைப்பது, சிலிண்டர்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவது, நாத்தனார் பெண்ணின் பள்ளிக்கூடத்துக்குத் தெர்மக்கோலில் எரிமலை செய்வது, அடுக்ககத்துத் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது. எல்லாமே "சும்மாதான அம்மணி இருக்கற?" என்ற முன்னுரையோடு வரும். எனக்குக் கோபம் வரும். ஆனால் எங்கள் பக்கத்தில் கோபத்தையும் ங்க போட்டுத்தான் காட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு "பண்றேனுங்க" என்பேன்.

மாமா பெருந்துறைத் தொழிற்பேட்டையில் படுக்கை விரிப்பு நெய்கிறார். ஒரு புது டிசைன் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமானால் தறியில் நூலேற்றி ஒரு விரிப்பு நெய்துதான் காட்ட வேண்டும். வந்தவர் உதட்டைப் பிதுக்கினால் அத்தனையும் வீண். இதைப் பார்த்துவிட்டு நான் ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். டிசைனைக் கொடுத்தால், அந்த விரிப்பை ஒரு கட்டிலில் விரித்துத் திரையில் காட்டும். மடிப்பு, சுருக்கம், ஜன்னல் வெளிச்சம் எல்லாம் உண்டு. முதல் தடவை பார்த்தபோது மாமா கையை நீட்டித் திரையில் இருந்த ஒரு சுருக்கத்தை நீவிவிட்டார். அன்றிலிருந்து அதற்கு அவர் வைத்த பெயர் கட்டில்.

குன்னூர்க்காரருக்குத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தங்கும் விடுதிகள் இருந்தன. அத்தனை அறைக்கும் ஒரே மாதிரி விரிப்பு, தேயிலைக் கொத்து டிசைனில் வேண்டும் என்றார். மாமா அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். "நெய்யறதுக்கு முன்னாடியே கட்டில்ல விரிச்சுக் காட்டறேனுங்க. எங்க மருமக செஞ்சதுங்க."

இதை எனக்குச் சொன்னது அத்தை, அதாவது மாமியார். கேட்டதும் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு விம்மியது. நான் எதையோ செய்தேன் என்று மாமா ஓர் அந்நிய மனிதரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. கட்டில் ஒழுங்காகத் தெரிந்தால் நான் வேலை செய்கிறவள். தெரியாவிட்டால் ஆயுசுக்கும் தெர்மக்கோல் எரிமலைதான்.

பஞ்சாகத்தான் கொடுப்பார்கள்

கெடுத்தது ரங்கா. தறிக்கூடத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பையன். நல்ல பையன்தான், அதுதான் பிரச்சினை. தன் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்புகிறவன், முதலாளிக்கு ஏதாவது நல்லது செய்துவிட்டுப் போவோமே என்று கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டுப் போயிருக்கிறான். புதுப்பித்ததில் என் கட்டிலுக்குக் கால் போய்விட்டது.

கட்டில் நிற்பது ஒரு கிராஃபிக்ஸ் லைப்ரரியின் மேல். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருப்பது. எனக்கு வேண்டிய பழைய பதிப்பைப் புது ஏற்பாட்டில் தயார் நிலையில் யாரும் தரவில்லை. மூல நிரலை இறக்கி நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். கணவர் காரோடு பெங்களூரில். பஸ் பிடித்து நான் போய்ச் சேருவதற்குள் குன்னூர்க்காரர் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். தூரத்திலிருந்தே திரையைப் பார்க்கும் வித்தை இருக்கிறதே என்பீர்கள். அதையும் முயன்று பார்த்தேன். படம் காட்டும் பாகமே படுத்துவிட்ட கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பு.

ஆகவே போனில் நான் சொல்லச் சொல்ல மாமா அடிப்பது என்று முடிவாயிற்று. மெசேஜில் எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. "வாயில சொல்லு அம்மணி. நூல் வெலையே நான் வாயிலதான் கேக்கறேன்."

முதலில் அவருக்கு விஷயம் புரிய வேண்டும். புரியாத வேலைக்கு அவர் கை வராது.

"லைப்ரரின்னா நூலகமுங்களே மாமா."

"நூல் வெக்கற எடமா? நம்ம குடோனாட்ட?"

அதுவே சரி என்று பிடித்துக்கொண்டேன். ஆமாம், குடோன்தான். வட்டம் வரைய, நிறம் தீட்ட, நிழல் போட என்று எல்லா நூலும் நூற்று அடுக்கி வைத்திருப்பார்கள். என் கட்டில் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

"யாரு பார்ட்டி? எந்த ஊரு?"

"பல ஊருங்க. எல்லாரும் சேந்து செஞ்சு சும்மாவே குடுக்கறாங்க."

தொழில் செய்கிறவருக்கு இதைவிடப் பயமுறுத்தும் செய்தி கிடையாது.

"சும்மாவா? எதுக்கு?"

"சும்மாதானுங்க மாமா. ஆனா நூலாக் குடுக்க மாட்டாங்க. பஞ்சாக் குடுப்பாங்க. நாமதான் நூத்துக்கோணும்."

"அப்பிடிச் சொல்லு" என்று அவர் மூச்சுவிட்டார். "சும்மாக் குடுக்கறவன் பஞ்சாத்தான் குடுப்பான்." அதற்குப் பிறகு அவருக்கு அந்த லைப்ரரியின் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

ஏங்க, என்னுங்க, டீங்க

வேலை மூன்று படி. முதலில், கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது, செய்து முடித்ததை எங்கே அடுக்குவது என்று பார்த்துக்கொள்ளும் கட்டளை. அடுத்தது மேக், அதாவது நூற்பு. கடைசியில் மேக் இன்ஸ்டால், நூற்றதைக் குடோனில் அடுக்குவது.

முதல் கட்டளை கொஞ்சம் நீளம். ஒவ்வொரு துண்டாகச் சொன்னேன். அடுக்க வேண்டிய குடோனின் முகவரியையும் சொன்னேன். "ஸ்லாஷ் யூ எஸ் ஆர், மறுக்காவும் ஒரு ஸ்லாஷ், லோக்கலுங்க."

"போட்டாச்சு."

திரையில் இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்வி ஓடும். பக்கத்தில் எஸ், நோ என்று பதில் விழும். மாமா அதை ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக வாசித்தார். "எஸ்ஸு. எஸ்ஸு. ஐயோ, ஒரு நோ வந்துருச்சு அம்மணி. நிறுத்திப்போட்டுமா?" நோ வந்தால் பரவாயில்லை என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. பொருத்தம் பார்ப்பதே எதற்கு பின்னே என்று கேட்டார்.

மேக் அடித்ததும் எச்சரிக்கைகள் வந்தன. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அவர் கவலைப்பட்டார். மின்வாரியத்திலிருந்து வந்த எச்சரிக்கையையும் இதையும் அவர் வேறாகப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரின் விசிறி இரைந்ததை, "நல்லா நூக்குதாட்ட இருக்குது" என்று சொல்லி எனக்கும் கேட்கட்டும் என்று போனை அதனருகே பிடித்தார்.

மூன்றாவது படியில்தான் வந்தது வினை.

"இன்ஸ்டாலுக்கு ஒரு எல்லா, ரெண்டு எல்லா?"

எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன் என்றேன். இங்கே ஒரு விஷயம். நான் பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சிப் பக்கம். மாமனாரிடம் ஒரு சொல்லை ங்க இல்லாமல் மொட்டையாக முடிக்க என் வாய்க்குத் தெரியாது. எழுத்தானாலும் அப்படித்தான்.

"ஐங்க."

"ம்."

"என்னுங்க."

"ஒண்ணுமில்ல அம்மணி, நீ சொல்லு."

"இல்லீங்க மாமா, எழுத்துதானுங்க. என்னுங்க."

"அதான் ஒண்ணுமில்லீங்கறேன்ல."

விட்டுவிட்டு எஸ்ஸுக்குப் போனேன். அது பிழைத்தது. அடுத்து, "டீங்க."

"இப்பத்தான் குடிச்சேன்."

அடுத்த எழுத்து ஏ. யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "ஏங்க."

போனின் மறுமுனையில் ஒரு பாத்திர மூடி சத்தமாக விழுந்தது. விருந்தாளிக்காக ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டு எடுத்துக்கொண்டு அத்தை தறிக்கூடத்துக்கே வந்திருந்ததும், மாமா இரண்டு கையாலும் அடிப்பதற்காகப் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து மாமாவை ஏங்க என்று கூப்பிடும் உரிமை உலகத்தில் அத்தை ஒருவருக்குத்தான்.

"ஏனம்மிணி, யாரைக் கூப்புடற?" என்றது அத்தையின் குரல்.

எழுத்துக்கூட்டுவதை அத்தோடு கைவிட்டேன். "நான் சேத்தே சொல்றேனுங்க மாமா, காதுல உளுகறபடியே அடிச்சுருங்க. மேக் இன்ஸ்டாலுங்க."

அவரும் காதில் விழுந்தபடியே அடித்தார். அதற்கு வந்த பதில்தான் அந்த ஸ்டாப்.

மரியாதைக்கு விதி இல்லை

தோசையை வைத்துவிட்டு, திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முதல் போட்டோவில் அவருடைய கட்டைவிரல் வந்தது. இரண்டாவதில் ஒப்புட்டு. மூன்றாவதில் திரை. பெரிதாக்கிப் பார்த்தேன். இன்ஸ்டால் என்ற சொல்லுக்குப் பின்னால், இடைவெளிகூட விடாமல், யூ, என், ஜி, ஏ.

நான் போட்ட ங்க. கம்ப்யூட்டரும் தன் பாணியில் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. இன்ஸ்டாலுங்க என்று ஒன்றைச் செய்ய எனக்கு விதி இல்லை, நிறுத்துகிறேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தேன், மணி ஆகிக்கொண்டிருந்தது.

"மாமா, ங்க வேண்டாமுங்க. வெறும் இன்ஸ்டால்."

"நீதான அம்மணி சொன்ன?"

"நான் உங்களுக்குச் சொன்னதுங்க. கம்ப்யூட்டருக்கு இல்லீங்க."

இனிமேல் மரியாதையே இல்லாமல் சொல்வதென்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "மேக் இன்ஸ்டால்" என்றேன். என் காதுக்கே அது வாடா போடா மாதிரி கேட்டது. அத்தைக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது.

"என்ன அம்மணி, மாமாவ இந்த அதட்டு அதட்டற? அவரென்ன தறிக்கு வந்த ஆளா?"

ஒருவழியாக ஒரு விதி செய்துகொண்டோம். நான் ங்க போட்டே பேசுவேன். கடைசியில் வருகிற ங்க மாமாவுக்கு, அதற்கு முன்னால் வருவது கம்ப்யூட்டருக்கு. அவருக்கு உரியதை அவர் வாங்கிக்கொண்டு மீதியை அடிக்க வேண்டியது. மாமாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. அத்தைக்கும் சமாதானம்.

இன்ஸ்டால் இப்போது ஓடியது. ஓடி, முதலாளியின் பாஸ்வேர்டு வேண்டும் என்று நின்றது.

"மொதலாளி நாந்தான அம்மணி? நேர்லயே உக்காந்திருக்கறேன்."

"அதுக்குத் தெரியாதுங்க மாமா, பாஸ்வேர்டு அடிக்கோணுமுங்க."

இந்த இடத்தில் பாஸ்வேர்டு அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது, ரகசியத்துக்காக. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அடிக்கிறேன், ஒன்றுமே விழ மாட்டேன்கிறது என்றார் மாமா. அத்தை முந்தானையால் கீபோர்டைத் துடைத்தார். மாமா மறுபடி அடித்தார். தறிச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்க வேண்டுமே என்று மாமா உரக்கவே சொன்னார். "மரகதம்னு அடிக்கறேன் அம்மணி. எம், ஏ, ஆர், ஏ. உளுகவே மாட்டீங்குது."

மரகதம் என்பது அத்தையின் பெயர். வீட்டில் மாமா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்று தொழிற்பேட்டையில் பாதிப்பேர் கேட்டிருப்பார்கள். அத்தை அதன்பிறகு கீபோர்டை இன்னொரு முறை துடைத்துக் கொடுத்தார். என்மேல் இருந்த கோபமும் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

லோக்கலுங்க

எழுத்து தெரியாவிட்டாலும் அடித்து என்டர் தட்டுங்கள் என்று நான் சொன்னதும், லைப்ரரியை அடுக்கி முடித்துவிட்டது. இனி கட்டிலைத் திறக்க வேண்டியதுதான். அது ரங்காவின் பெயரில் இருந்த ஒரு பெட்டியில் இருந்தது. அவசரத்தில் ங்க விட்டுப்போய், "ஹோம் ஸ்லாஷ் ரங்கா" என்றேன்.

அப்படி ஒன்று இல்லையாம். இன்னொரு போட்டோ கேட்டேன். மாமா விதிப்படி நடந்திருந்தார். ரங்காவின் கடைசியில் வந்த ங்காவைத் தனக்கு எடுத்துக்கொண்டு, ரா என்று மட்டும் அடித்திருந்தார்.

"அது பேருங்க மாமா. ரங்காவ முழுசா அடிங்க."

"அவனுக்கு மட்டும் எதுக்கு இத்தனை மரியாதை? இவ்வளவும் பண்ணுனது அவந்தான்."

முழு ரங்காவை அடித்தார். கட்டில் வரவில்லை. லைப்ரரியைக் காணோம் என்றது கம்ப்யூட்டர். இப்போதுதான் நூற்று, இப்போதுதான் அடுக்கினோம். எங்கே போயிருக்கும்? நான் படித்த படிப்பு, பார்த்த வேலை எதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்து, கேட்டில் ஒரு கார் திரும்பும் சத்தம் போனில் கேட்டது.

"வந்துட்டாருங்க" என்றார் அத்தை.

"நீ போயி ஒப்புட்டக் குடு. சித்த நேரம் பேசிட்டிரு" என்றார் மாமா. அவர் குரல் இறங்கியிருந்தது. "அம்மணி, வருமா வராதா? வராதுன்னா சொல்லிப்போடு, நான் அவருகிட்டப் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

பக்குவமாகச் சொல்லிக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். என்மேல் ஒரு சொல் வராதபடி கரண்டு, கம்ப்யூட்டர் என்று எதையாவது சொல்லுவார். அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. அழுகையோடு காலையிலிருந்து நான் சொன்னதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதல் கட்டளை. குடோன் முகவரி. லோக்கலுங்க.

விதி செய்துகொள்வதற்கு முன்னால் சொன்னது.

"மாமா, காத்தால அந்தக் குடோனு பேரு என்னன்னு அடிச்சீங்க?"

"நீ சொன்னதுதான். லோக்கலுங்க."

அந்தக் கம்ப்யூட்டரில் அதுவரை இல்லாத ஒரு புதுக் குடோனைக் கட்டி, லோக்கலுங்க என்று பெயர்ப்பலகையும் மாட்டி, லைப்ரரி முழுவதையும் அதற்குள் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தோம். கட்டில் போய்த் தேடியது பக்கத்திலிருந்த வெறும் லோக்கலில். திரும்ப முதலிலிருந்து நூற்க நேரமில்லை. குடோன் எங்கே இருக்கிறது என்று கட்டிலுக்குச் சொல்லிவிட்டால் போதும், ஒரு வரி வேலை.

அந்த ஒரு வரியைச் சொன்னேன். கடைசியில் "லோக்கலுங்க" என்றேன்.

"லோக்கல். அடிச்சாச்சு."

"இல்லீங்க மாமா. இந்த ஒருதடவை மட்டும் ங்க வேணுமுங்க."

"எந்த ங்க?"

"லோக்கலுங்கல வர்ற ங்கங்க."

"அது எனக்கில்லீயா?"

"இல்லீங்க. அது குடோனுக்குங்க."

"அப்ப எனக்கு எதுங்கறேன்?"

"உங்களுக்கு எச்சாவே ஒண்ணு போட்டுச் சொல்றேனுங்க மாமா. லோக்கலுங்கங்க."

பக்கத்து அறையில் குன்னூர்க்காரர் ஒப்புட்டுக்கு நெய் போதும் போதும் என்று சொல்வது கேட்டது. மாமா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். யூ. என். ஜி. ஏ. என்டர்.

தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போனைக் காதோடு அழுத்தியதில் காது வலித்தது.

"உளுந்துருச்சு அம்மணி" என்றார் மாமா. "கட்டில் வந்துருச்சு."

வேலை நேரம்

அவர் போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டார். ஒட்டுக் கேட்பது தப்புதான். நான் கேட்டேன்.

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு குன்னூர்க்காரரின் குரல்.

"இது போட்டோங்களா?"

"இல்லீங்க. இன்னும் தறியிலயே ஏத்துலீங்க. பச்சையக் கொஞ்சம் கொறச்சுக் காட்டட்டுங்களா?"

பச்சையைக் குறைத்துக் காட்டினார். ஓரத்தில் கரை வைத்துக் காட்டினார். ஜன்னல் வெளிச்சத்தைச் சாயங்காலமாக்கிக் காட்டினார். எனக்கே மறந்துபோயிருந்த பொத்தான்களையெல்லாம் அவர் தெரிந்து வைத்திருந்தார். தனியாக உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும்.

"இதையே போட்டுருங்க" என்றார் குன்னூர்க்காரர். "அப்புறம், இந்த சாஃப்ட்வேர் எந்தக் கம்பெனியில வாங்குனீங்க?"

"வாங்குலீங்க. எங்க மருமக செஞ்சதுன்னு சொன்னேனுங்களே."

"நெஜமாவா? மருமக என்ன பண்றாங்க?"

எத்தனையோ கல்யாண வீடுகளில், எத்தனையோ பேர் கேட்டு, எத்தனையோ முறை பதில் சொல்லப்பட்ட கேள்வி. பதில் எனக்கு மனப்பாடம். போனைக் காதிலிருந்து எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"இந்த வேலைதானுங்க பண்றாங்க" என்றார் மாமா.

பண்றா இல்லை. பண்றாங்க. காலையெல்லாம் நான் அவருக்கு வாரி வழங்கியதில் ஒன்றை அவர் எனக்குப் போட்டிருந்தார்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேச முடியுங்களா? எங்க ரூம் திரைச்சீலைக்கும் இதுமாதிரி செஞ்சு தருவாங்களான்னு கேக்கோணும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். போனில்தான் பேசப்போகிறோம் என்பதையும் மறந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். நன்றியுங்க என்று ஆரம்பிப்பதா, வணக்கமுங்க என்று ஆரம்பிப்பதா என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

"இப்ப முடியாதுங்க" என்றார் மாமா. "அவங்க வேலைல இருக்கறாங்க. வேலை நேரத்துல நாம கூப்புட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாதுங்க. பொழுதோட நான் கேட்டுச் சொல்றேன்."

அப்புறம் சட்டைப்பையில் கை விட்டிருக்கிறார், போன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். குரலை மிகவும் தாழ்த்தி, "அம்மணி, நீ உன்ர வேலையப் பாரு, வெச்சர்றேன்" என்று சொல்லி அணைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பொழுது சாயும்வரை சும்மாதான் இருந்தேன்.